தானாய்க் கூடும் மூலக்கூறுகளும் ஒட்சிசன் தாழ்த்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்கோ முதுமாணிக்கோ இந்தத் துறையில் ஆய்வு தொடங்கும் தமிழ் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றில் தங்கி நிற்பதால் முதல் முறை வரிசையாக வாசிப்பது நல்லது.

ஒட்சிசன் தாழ்த்தலுக்கு ஏன் ஊக்கி வேணும்? அது தானா நடக்காதா?

எரிபொருட் கலத்திலும் நாக–வளி மின்கலத்திலும் கதோட்டில் நடப்பது இந்தத் தாக்கம்தான். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு 4 இலத்திரன்களையும் 4 புரோத்தன்களையும் வாங்கி 2 நீர் மூலக்கூறுகளாகிறது. இதன் நியம அழுத்தம் 1.23 வோல்ற்று. பாதி வழியில், 2 இலத்திரன்களோடு நின்றுவிட்டால் கிடைப்பது ஐதரசன் பேரொட்சைட்டு. அதன் நியம அழுத்தம் ஏறக்குறைய 0.70 வோல்ற்றுத்தான். அழுத்தம் போவதோடு நட்டம் முடிவதில்லை. அந்தப் பேரொட்சைட்டு மென்சவ்வையும் ஊக்கியையும் அரிக்கவும் செய்யும்.

தடை இருப்பது முதல் இலத்திரனில். துணையில்லாமல் ஒட்சிசனுக்கு ஓர் இலத்திரனை மட்டும் கொடுத்து சுப்பரொட்சைட்டு ஆக்க −0.33 வோல்ற்று வரை இறங்க வேண்டும். உலோக மையம் ஒட்சிசனைப் பிடித்து, அந்த இடைநிலையைத் தன்மேல் தாங்கிக்கொண்டால்தான் அதைவிட உயர்ந்த அழுத்தத்திலேயே தாக்கம் தொடங்கும்.

பிளாற்றினம் நல்லா வேலை செய்யுதே, பிறகேன் மூலக்கூறு?

விலையும் அருமையும் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். பிளாற்றினத்துக்கும் ஏறக்குறைய 0.3 வோல்ற்று மேலதிக அழுத்தம் தேவைப்படுகிறது என்பது பலர் கவனிக்காதது. எங்கள் பார்வையில் மூலக்கூறின் பெரிய பலம் வேறு. ஊக்கும் இடம் எது, அதைச் சூழ என்ன அணுக்கள், எத்தனை தூரத்தில் என்று அணு அணுவாகச் சொல்ல முடியும். ஓர் அணுவை மாற்றி விளைவைப் பார்க்க முடியும்.

கோபாற்று தலோசயனின் ஒட்சிசனைத் தாழ்த்தும் என்று 1964 இல் யசின்ஸ்கி காட்டியதிலிருந்து இந்தத் துறை நடக்கிறது. இயற்கையில் முன்மாதிரியும் உண்டு. நம் உடற்கலங்களில் உள்ள சைற்றோகுரோம் சி ஒட்சிடேசு, ஓர் ஈமின் இரும்பையும் ஒரு செம்பையும் எதிரெதிரே வைத்து, பேரொட்சைட்டைத் தப்பவிடாமல் 4 இலத்திரன் தாழ்த்தலை முடிக்கிறது. இரண்டு உலோகங்களை நேரெதிரே நிறுத்துவதே இந்தத் துறையில் பாதி வேலை.

“தானாய்க் கூடுதல்” எண்டு சரியா எதைச் சொல்லுறீங்க?

போர்பிரின் என்பது நடுவிலுள்ள நான்கு நைதரசன்களால் உலோகத்தைப் பிடிக்கும் தட்டையான பெரிய வளையம். இரண்டு போர்பிரின் வளையங்களைப் பங்கீட்டுப் பிணைப்பால் முகத்துக்கு முகம் கட்டும் வேலையைக் கோல்மன், அன்சன் குழுவினர் 1980 ஆம் ஆண்டளவில் செய்து காட்டினார்கள். விளைவு அருமை. ஆனால் தொகுப்புக்குப் பல படிகள், ஒவ்வொன்றிலும் விளைச்சல் இழப்பு. அதே அமைப்பை, துண்டுகளைக் கலந்தவுடன் அவையே சரியான இடத்தில் போய் நிற்கும்படி வடிவமைப்பதைத்தான் தானாய்க் கூடுதல் என்கிறோம். இங்கே வேலை செய்பவை ஈதல் பிணைப்பு, எதிர் ஏற்றக் கவர்ச்சி, பை அடுக்கு, ஐதரசன் பிணைப்பு, பொன்மேல் தயோல் ஒட்டுதல் போன்ற மீளத்தக்க விசைகள்.

மீளத்தக்கது என்பதே இதன் உயிர். பிழையாகச் சேர்ந்த துண்டு பிரிந்து மறுபடி சரியாகச் சேரும். அதே குணம் மின்வாயில் எதிரியாகவும் மாறும். அதைத் தனிக் கேள்வியில் பார்ப்போம்.

ரெண்டு கோபாற்றுக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி விடவேணும்?

ஏறக்குறைய 4 ஆங்ஸ்ட்ரோம், அதாவது 0.4 நனோமீற்றர். இரண்டு கோபாற்று மையங்களை ஒரு பேரொட்சோ பாலம் இணைக்கும் சேர்வைகளில் கோபாற்று–கோபாற்றுத் தூரம் 4.5 ஆங்ஸ்ட்ரோம் அளவில் நிற்பதிலிருந்து காரணம் விளங்கும். இடைவெளி மிகச் சிறிதானால் ஒட்சிசன் உள்ளே நுழையாது. பெரிதானால் ஒரு கோபாற்றே தனியாக வேலை செய்து பேரொட்சைட்டை விட்டுவிடும். கோல்மன் வகை இருவளையங்களில் இணைப்புச் சங்கிலியில் ஓர் அணு கூடினாலே 4 இலத்திரன் தேர்வு சரிந்துவிடும்.

பளிங்கு அமைப்பில் அளந்த தூரத்தை மட்டும் நம்பவும் கூடாது. வாய்போலத் திறந்து மூடும் பக்மன் போர்பிரின்களில் ஓய்வுநிலைத் தூரம் பெரிதாக இருந்தும் 4 இலத்திரன் பாதை கிடைக்கிறது. எனவே வடிவமைக்கும்போது தூரத்தோடு நெகிழ்வையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோபாற்றா இரும்பா, எதில தொடங்கிறது?

கூடுதலால் வரும் பலனைக் காட்ட விரும்பினால் கோபாற்று. தனிக் கோபாற்றுப் போர்பிரின் பெரும்பாலும் 2 இலத்திரனோடு நிற்பதால், இரண்டு சேர்ந்ததும் 4 ஆனால் மாற்றம் பளிச்சென்று தெரியும். தனி இரும்புப் போர்பிரினே பெருமளவு 4 இலத்திரன் பாதையில் போகக்கூடியது. அதைக் கூட்டிவிட்டு “கூடியதால் 4 வந்தது” என்று எழுதினால் பரீட்சகர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

போர்பிரினை எங்கட லாப்பிலயே செய்யேலுமா?

செய்யலாம். அட்லரின் முறை போதும். 100 மில்லிலீற்றர் புரொப்பியோனிக் அமிலத்தைக் கொதிக்கவைத்து (141 பாகை), 2.0 மில்லிலீற்றர் பென்சல்டிகைட்டும் புதிதாக வடித்த 1.4 மில்லிலீற்றர் பைரோலும் சேர்த்து 30 நிமிடம் மீள்கொதிப்பில் வையுங்கள். ஆறவிட்டு வடிகட்டி, மெதனோலாலும் சுடுநீராலும் கழுவினால் ஊதாப் பளிங்குகள் நிற்கும். 20 சதவீத விளைச்சல், ஏறக்குறைய 0.6 கிராம், வந்தால் திருப்தியடையுங்கள். போத்தலில் கறுத்துப்போன பைரோலை அப்படியே ஊற்றினால் தார்தான் மிஞ்சும். புகைபோக்கிப் பேழை இல்லாத அறையில் இந்த அமிலத்தைத் திறக்கவே வேண்டாம்.

கோபாற்றை ஏற்ற, டைமெதில்போமமைட்டில் 5 மூல் சமவலு கோபாற்று அசற்றேற்றோடு மீள்கொதிக்க வையுங்கள். முடிந்ததா என்பதை நிறமாலையில் பாருங்கள். உலோகமற்ற நான்குபீனைல் போர்பிரினுக்கு 418 நனோமீற்றரில் பெரிய சோரே பட்டையும் 515, 548, 590, 646 அருகே நான்கு சிறு பட்டைகளும் உண்டு. கோபாற்று ஏறியதும் சோரே 410 அருகே நகரும், நான்கும் ஒடுங்கி 528 அருகே ஒன்றே துலங்கும். 646 இல் மேடு மிஞ்சினால் வேலை முடியவில்லை, அல்லது குளோரின் என்ற ஐதரசன் ஏறிய போர்பிரின் கலந்திருக்கிறது (வாயுக் குளோரினோடு இதற்குத் தொடர்பில்லை).

பிரிடைல் வகைப் போர்பிரின் என்றால் மேலதிக கோபாற்று வெளி நைதரசன்களிலும் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடிரிஏ கரைசலால் கழுவாவிட்டால், பின்னால் கூட வேண்டிய முனைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

முதன்முதலா செய்து பார்க்க எந்தக் கூட்டம் லேசு?

அயன் சோடி. நான்கு மெதில்பிரிடினியம் முனைகள் கொண்ட கோபாற்றுப் போர்பிரினுக்கு விளிம்பில் நான்கு நேர் ஏற்றங்கள். நான்கு சல்போனேற்று முனைகள் கொண்டதற்கு நான்கு மறை ஏற்றங்கள். நீரில் கலந்தால் முகத்துக்கு முகம் ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் லீற்றருக்கு 0.1 மில்லிமூல் இருப்புக் கரைசல் செய்யுங்கள். ஒன்றை லீற்றருக்கு 5 மைக்ரோமூலுக்கு ஐதாக்கி நிறமாலைமானிக் குவளையில் வைத்து, மற்றதை 0.1 சமவலுப் படிகளாக 2.0 வரை சேர்த்துக்கொண்டு போங்கள். சோரே பட்டை தாழ்ந்து அகன்று நீலப் பக்கம் நகரும். கோடு சரியாக 1.0 இல் முறிந்தால் ஒன்றுக்கு ஒன்று சோடி கிடைத்திருக்கிறது.

முறிவு 0.8 இலோ 1.2 இலோ வந்தால் முதலில் தராசைச் சந்தேகியுங்கள். இந்த உப்புகள் நீரை உறிஞ்சும், நிறுத்த எடையில் ஒரு பங்கு தண்ணீர். செறிவை எடையால் முடிவுசெய்யாமல் உறிஞ்சலால் முடிவுசெய்வதே சரி. தாங்கற் கரைசலையும் உப்பையும் இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம், அவை ஏற்றங்களை மறைத்து சோடியைத் தளர்த்தும். செறிவு கூடினால் இரண்டோடு நிற்காமல் நீண்ட அடுக்காகி வீழ்படிவாகும். வளிபட்ட நீரில் கோபாற்று +3 நிலைக்குப் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அப்போது முழு ஏற்றங்கள் 4, 4 அல்ல, 5 நேர், 3 மறை. சோடிமேல் மிஞ்சும் 2 நேர் ஏற்றங்களை வெளி அயன்கள் ஈடுசெய்ய வேண்டிவரும்.

கூடு, பட்டகம் எண்டெல்லாம் கட்டுறாங்களே, அது எப்பிடி?

நான்கு பிரிடைல் முனைகள் கொண்ட போர்பிரின் இரண்டு, அவற்றைத் தூண்போல நான்கு மூலையிலும் தாங்கும் இரட்டை ருதேனியக் கவ்விகள் நான்கு. கவ்வியை மாற்றினால் தூணின் உயரம் மாறும். ஒட்சலேற்றுப் பாலம் வைத்தால் ருதேனிய–ருதேனியத் தூரம் 5.5 ஆங்ஸ்ட்ரோம் அளவு, ஈரைதரொட்சிபென்சோகுயினோன் பாலம் வைத்தால் 8 அளவு. வளையங்கள் சற்று வழுக்கிச் சாய்ந்து நெருங்கவும் முடியும் என்பதால் இந்த எண்ணை அப்படியே கோபாற்றுகளுக்கிடையான தூரமாக எழுதக்கூடாது.

கவ்வியிலுள்ள குளோரைட்டை வெள்ளி திரிபிளேற்றால் அகற்றி, வெள்ளிக் குளோரைட்டை நன்றாக வடிகட்டிய பின்பே போர்பிரினைச் சேர்க்க வேண்டும். விகிதம் போர்பிரின் 1, கவ்வி 2. கோபாற்று +2 பரகாந்தமானது, கருக்காந்தப் பரிவு நிறமாலையின் கோடுகளை அகட்டிவிடும். அதே கூட்டை நாகப் போர்பிரினாலும் செய்து அதில் நிறமாலை எடுங்கள், கோபாற்றுக் கூட்டுக்கு மின்தெளிப்புத் திணிவு நிறமாலை எடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஆதாரம்.

பொன்மேல தயோல் படலம் வச்சு செய்யலாமா?

இலத்திரன் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறது என்பதை ஆராய அது அருமையான களம். எதனோலில் லீற்றருக்கு 1 மில்லிமூல் தயோல், ஓரிரவு ஊறல், கழுவல். தயோலின் மறுமுனையில் பிரிடினோ இமிடசோலோ வைத்தால் உலோகத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் கார ஊடகத்தில் வெறும் பொன்னே ஒட்சிசனைத் தாழ்த்தும். படலத்தில் ஓட்டையிருந்தால் நீங்கள் அளப்பது பொன்னை. ஆழமான மறை அழுத்தத்தில் தயோல் கழன்றும் போகும்.

கரைசல்ல அழகா கூடிச்சு. மின்வாயில வச்சாலும் அப்பிடியே இருக்குமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கரைசலில் எடுத்த நிறமாலை மின்வாயைப் பற்றி எதையும் நிரூபிக்காது. அயன் சோடியை லீற்றருக்கு 0.1 மூல் மின்பகுபொருள் தளர்த்தும். ஊக்கியை மின்வாயில் ஒட்டவைக்கும் பல்பகுதியமான நஃபியனின் சல்போனேற்று, நேர் ஏற்றமுள்ள போர்பிரினைத் தன் பக்கம் இழுக்கும். அமிலத்தில் பிரிடினின் நைதரசன் புரோத்தனை வாங்கி ருதேனியத்தை விட்டுவிடக்கூடும். காபன் மேற்பரப்போ வளையங்களைத் தட்டையாகப் படுக்கவைக்க விரும்பும். இத்தனை பேர் பிரிக்கப் பார்க்கும்போது கூட்டம் தப்பியதா என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

குறைந்தது நான்கு மின்வாய்கள் தயாரியுங்கள்: முதல் துண்டு மட்டும், இரண்டாம் துண்டு மட்டும், சரியான விகிதத்தில் கூடியது, ஒரு துண்டில் கோபாற்றுக்குப் பதில் நாகம் வைத்துக் கூடியது. நான்காவதே கூர்மையான சோதனை. அடுக்கு அப்படியே இருக்கும், இரண்டாவது கோபாற்று மட்டும் இருக்காது. அதுவும் 4 இலத்திரன் காட்டினால் உங்கள் விளக்கம் பிழை. நான்கிலும் மேற்பரப்பிலுள்ள கோபாற்றின் எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். நைதரசன் சூழலில் வட்ட வோல்ற்றளவு வரைபை எடுத்து, கோபாற்று உச்சியின் ஏற்றத்தை மின்வாய்ப் பரப்பாலும் பரடே மாறிலியாலும் வகுங்கள். தட்டையாகப் படுத்த ஒற்றைப் படைக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 10 மைக்ரோகூலோம் அளவில் வரும். 200 வந்தால் தடித்த படலம்.

சோதனை முடிந்த மின்வாயை டைமெதில்போமமைட்டில் கழுவி அந்தக் கரைசலின் நிறமாலையையும் பாருங்கள். கூடு உடைந்திருந்தால் அங்கே துண்டுகள் தெரியும்.

வளையத் தட்டு மின்வாய்க்கு மை எப்பிடிக் கலக்கிறது? கணக்கு எப்பிடி?

இந்த மின்வாயில் நடுத்தட்டின்மேல் ஊக்கி மையை இடுவோம், சூழவுள்ள வளையம் வெளியே வரும் பேரொட்சைட்டைப் பிடித்துக் காட்டும். மைக்கு: காபனும் ஊக்கியும் சேர்ந்து 5 மில்லிகிராம், நீர் 750 மைக்ரோலீற்றர், ஐசோபுரொப்பனோல் 230, 5 சதவீத நஃபியன் 20. முதலில் காபனை மட்டும் பனிக்கட்டி போட்ட மீயொலித் தொட்டியில் 30 நிமிடம் பரப்புங்கள். கூட்டத்தைக் கடைசியில் சேர்த்துக் கையால் குலுக்குங்கள், மீயொலி அதைக் குலைக்கக்கூடும். 5 மில்லிமீற்றர் தட்டில் (0.196 சதுர சென்ரிமீற்றர்) 8 மைக்ரோலீற்றர் விட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அயன் சோடிக்கு இந்த மை வேண்டாம். மேலே சொன்ன நஃபியன் பிரச்சினை காரணமாக, மெருகிட்ட கண்ணாடிக் காபனைச் சோடிக் கரைசலில் 10 நிமிடம் நனைத்துக் கழுவுவதே நல்லது.

ஒட்சிசனை 30 நிமிடம் செலுத்தி, வளையத்தை மீளும் ஐதரசன் மின்வாய் சார்பாக 1.2 வோல்ற்றில் நிறுத்தி, செக்கனுக்கு 10 மில்லிவோல்ற்று வீதம் வருடுங்கள். சேகரிப்புத் திறனை (தட்டில் பிறந்ததில் வளையம் பிடிக்கும் பங்கு) கம்பனி தந்த எண்ணாக எடுக்காமல் பொற்றாசியம் பெரிசயனைட்டால் நீங்களே அளவிடுங்கள். வளைய மின்னோட்டத்தை அந்தத் திறனால் வகுத்தால் திருத்திய வளைய மின்னோட்டம். தட்டு மின்னோட்டத்தின் 4 மடங்கை, தட்டு மின்னோட்டமும் திருத்திய வளைய மின்னோட்டமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இலத்திரன் எண். தட்டு 0.50 மில்லிஅம்பியர், வளையம் 0.010, திறன் 0.25 என்றால் திருத்தியது 0.04, இலத்திரன் எண் 3.7. கேட்க அழகான எண், ஆனால் அதே அளவீட்டில் பேரொட்சைட்டு 15 சதவீதம். இரண்டையும் எழுதுங்கள்.

எங்களுக்கு 3.9 வந்திட்டுது. நாலு இலத்திரன் ஊக்கி எண்டு எழுதலாந்தானே?

இன்னும் இல்லை. தடித்த படலத்தில் ஓரிடத்தில் பிறந்த பேரொட்சைட்டு வெளியே வருமுன் வேறோரிடத்தில் மறுபடி தாழ்த்தப்படும் அல்லது சிதைந்துவிடும். வளையம் அதைக் காணவே காணாது. தட்டிலுள்ள மையின் சுமையைச் சதுர சென்ரிமீற்றருக்கு 0.4, 0.2, 0.1, 0.05 மில்லிகிராம் என்று குறைத்துக்கொண்டு போங்கள். 3.9 அப்படியே நின்றால் நம்பலாம். 3.2 க்கு இறங்கினால் அது 2 + 2 பாதை. கூடவே, நைதரசன் சூழலில் லீற்றருக்கு 1 மில்லிமூல் பேரொட்சைட்டு இட்டு, உங்கள் ஊக்கி அதை எவ்வளவு வேகமாகத் தாழ்த்துகிறது என்றும் பாருங்கள்.

எல்லை மின்னோட்டமும், அதாவது ஒட்சிசன் வந்துசேரும் வேகம் தீர்மானிக்கும் உச்ச மின்னோட்டமும், சாட்சி சொல்லும். லீற்றருக்கு 0.1 மூல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில், 25 பாகையில், நிமிடத்துக்கு 1600 சுற்றில், லெவிச் சமன்பாடு 4 இலத்திரனுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 5.7 மில்லிஅம்பியர் தருகிறது, 2 இலத்திரனுக்கு அதில் பாதி. 3.9 என்று சொல்லிவிட்டு வரைபில் 3.5 மில்லிஅம்பியர் காட்டினால் ஏதோ ஒன்று பிழை. எதிர் மின்வாயாகப் பிளாற்றினக் கம்பி வைத்திருந்தால் கரைந்து வந்த பிளாற்றினம் உங்கள் ஊக்கியின் பெயரில் வேலை செய்திருக்கலாம். காபன் கோலைப் பாவியுங்கள்.

கொழும்பு வெக்கையும் ஈரமும் முடிவைக் குழப்புமா?

குழப்பும், சரிசெய்யவும் முடியும். குளிரூட்டி நின்றால் அறை 30 பாகை. அந்த வெப்பத்தில் ஒட்சிசனின் கரைதிறன் குறைவு, பரவல் வேகம் கூடுதல். ஆகவே முன்னே சொன்ன 5.7 ஐ அப்படியே ஒப்பிடக்கூடாது. நீர்ச்சட்டை கொண்ட கலத்தில் 25 பாகையில் பிடித்து வைப்பதே தீர்வு.

அளந்த அழுத்தத்தை மீளும் ஐதரசன் மின்வாய் சார்பான எண்ணாக மாற்றும் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பிஎச் அலகுக்கான சரிவு 25 பாகையில் 59.2 மில்லிவோல்ற்று, 30 பாகையில் 60.1. சரிவை மட்டும் திருத்திவிட்டு பிஎச் 13 என்றே வைத்தால் ஏறக்குறைய 10 மில்லிவோல்ற்றுப் பிழை புகும், ஏனென்றால் வெப்பம் கூட அதே காரத்தின் பிஎச்சும் இறங்குகிறது. கணக்கை விட்டு, அதே கரைசலில் ஐதரசன் செலுத்திப் பிளாற்றினத்தால் ஒப்பீட்டு மின்வாயை நேரே அளவுதிருத்துங்கள். காரத்தில் வெள்ளிக் குளோரைட்டு மின்வாயைத் தவிர்த்து இரச ஒட்சைட்டு மின்வாயைப் பாவியுங்கள்.

ஈரப்பதனால் மைத்துளி மெதுவாகக் காய்ந்து ஓரத்தில் வளையமாகத் திரளும். சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பெட்டியில், தட்டைத் தாழ்ந்த வேகத்தில் சுழற்றியபடி காயவிடுங்கள். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வில்லைகள் சாதாரணமாக 85 சதவீதமே தூய்மை, மிச்சம் பெரும்பாலும் நீர். ஒரு லீற்றருக்கு 5.6 கிராம் அல்ல, 6.6 கிராம் நிறுங்கள்.

போகல காரீயத்தைத் தாங்கியாப் பாவிச்சா என்ன?

நல்ல யோசனை. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் நரம்புக் காரீயம் (ஈயமல்ல, கிராபைற்றுக் காபன்) மிக நன்றாகப் பளிங்காகியது, கடத்துதிறன் மிக்கது. ஆனால் அதில் பைரைற்று, சல்கோபைரைற்று போன்ற இரும்பு, செம்புக் கனிமங்கள் கலந்து வரும். அவையே ஒட்சிசன் தாழ்த்தலில் தலையிடும். ஐதரோகுளோரிக் அமிலத்தால் மட்டும் கழுவினால் பைரைற்று போகாது. நைத்திரிக் அமிலம் போக்கும், ஆனால் காரீய விளிம்புகளையும் ஒட்சியேற்றும். எந்த வழியில் கழுவினாலும், ஊக்கி ஏற்றாத கழுவிய காரீயத்தின் வரைபை அதே தாளில் பக்கத்தில் போடுங்கள். அடித்தளமும் விளிம்புத்தளமும் போர்பிரினை வெவ்வேறு விதமாகப் பிடிக்கும் என்பதால் தூளாக்கும் அளவையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

ஒரு மணித்தியாலத்தில மின்னோட்டம் சரியுது. 800 பாகையில சுட்டா நிலைக்குமாமே?

சரிவுக்கு மூன்று காரணங்களைத் தேடுங்கள்: ஊக்கி கழன்று கரைசலில் போதல், அமிலத்தில் உலோகம் வளையத்தை விட்டு நீங்குதல், பேரொட்சைட்டு போர்பிரின் வளையத்தையே தாக்குதல். மின்பகுபொருளில் கோபாற்றைத் தூண்டற்பிளாஸ்மாத் திணிவு நிறமாலையால் அளந்து, போர்பிரினை ஒளி உறிஞ்சலால் பாருங்கள். இரண்டும் இருந்தால் முதலாவது. கோபாற்று மட்டும் இருந்து, மின்வாயைக் கழுவிய கரைசலில் உலோகமற்ற போர்பிரினின் நான்கு பட்டைகள் திரும்பியிருந்தால் இரண்டாவது. கழுவலில் போர்பிரின் பட்டைகளே இல்லாவிட்டால் மூன்றாவது. அப்போது தேர்வுதிறனை உயர்த்துவதே நிலைத்தன்மைக்கும் வழி.

சுட்டால் பெரும்பாலும் நீடித்து உழைக்கும், மின்னோட்டமும் கூடக்கூடும். ஆனால் 800 பாகையில் போர்பிரின் போர்பிரினாக இருக்காது. நைதரசன் கலந்த காபனில் சிதறிய உலோகம்தான் இருக்கும். இடைவெளி, கவ்வி, சோடி என்று மேலே பேசிய எதையும் அதற்குப் பொருத்த முடியாது. செய்து பாருங்கள், அட்டவணையில் தனி நிரலில் போடுங்கள், கூடியதற்கான ஆதாரமாக மட்டும் காட்டாதீர்கள்.